பாலத்தில் நிறுத்தாத கார்

டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில், கிணற்று மோட்டாரைப் பக்கவாட்டில் வரைந்ததுபோல இருக்கும் அந்த விளக்கு. வண்டியைக் கிளப்பும்போது மற்ற விளக்குகளோடு எரிந்து, உடனே அணைந்துவிட வேண்டும். அக்காவின் காரில் அது பத்து நாளைக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டே நாளில், ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி எரியும். "உன் இன்ஜின் லைட் வந்துடுச்சுடா" என்று எனக்குப் போன் செய்வாள். அது நான் அவளுக்கு விற்ற கார். அதனால்தான் அந்த 'உன்'. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஒருநாளும் விளையாட்டாகக் கேட்டதில்லை.

அக்கா பிசியோதெரபிஸ்ட். கோவிலம்பாக்கத்தில் வீடு. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்று கூடுவாஞ்சேரி வரைக்கும் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பாள். வாக்கரும் மற்ற சாமான்களும் ஏற்றிப்போக ஒரு கார் தேவைப்பட்டது. நான் அப்போது முடிச்சூரில் இருந்தேன். 2015 சென்னைப் பெருவெள்ளம் வடிந்த அடுத்த கோடையில் என் காரைக் கேட்டாள். "தெரிஞ்சவங்க வண்டின்னா நம்பி ஓட்டலாம் பாரு" என்றாள். பிறகு ஒரே ஒரு கேள்வி. "வெள்ளத்துல மாட்டலையே?"

"முதல் நாளே பைபாஸ் பாலத்து மேல ஏத்தி நிறுத்திட்டேன்க்கா" என்றேன்.

எங்கள் தெருவில் பலர் அப்படிச் செய்திருந்தார்கள். நான் செய்யவில்லை. என் கார் இரண்டு நாள் சீட் மூழ்கத் தண்ணீரில் நின்றது. இன்ஜினைச் சுத்தம் செய்து, சீட்டுகளை மாற்றி, வெயிலில் கதவைத் திறந்துபோட்டுக் காயவைத்தேன். ஓடியது. ஓடுகிற வண்டிக்குப் பழைய கதை எதற்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் விளக்கு வந்தது. மேடவாக்கத்தில் ஒரு மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து ஆக்சிஜன் சென்சார் என்றார். மாற்றினோம். அடுத்த முறை ஸ்பார்க் பிளக் என்றார். அதற்கடுத்து இக்னிஷன் காயில் என்றார். ஒவ்வொரு முறையும் ஸ்கேனர் ஒரு புதுக் குறையைச் சொன்னது. மெக்கானிக் அதை ஸ்கேனரிலேயே அழித்துவிட்டு அனுப்புவார், நாலு நாளில் விளக்கு திரும்ப எரியும். ஒருநாள் மழையில், வண்டலூர் தாண்டும்போது, கார் இழுவை இழந்து லாரிகளுக்கு நடுவே தவழ ஆரம்பித்தது. பின் சீட்டில், டாக்டரிடம் காட்ட அக்கா அழைத்துப்போன ஒரு பெண்மணி இருந்தார். ஏழு மாதப் பயிற்சிக்குப் பிறகு அந்த வாரம்தான் கோல் இல்லாமல் நடக்கத் தொடங்கியவர். அக்கா எப்படியோ ஓரம் கட்டி, அவரைக் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறாள்.

மெக்கானிக் கை விரித்துவிட்டார். "வண்டிய யாருக்காச்சும் தள்ளி வுட்டுருங்க மேடம்."

நானும் அதையே சொன்னேன். அக்கா என்னை வினோதமாகப் பார்த்தாள். "என்ன கோளாறுன்னே தெரியாம இன்னொருத்தர் தலையில கட்டுறதா? அவங்க நடுரோட்டுல நிப்பாங்களேடா."

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டாள். நோயாளிகளுக்குப் போடுவதைப் போலவே தேதி, ரோடு, மழையா வெயிலா, ஏசி ஓடியதா, எல்லாம். இரண்டு மாதம் ஒருநாள் விடாமல் எழுதினாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஹெட்லைட், வைப்பர், ஏசி மூன்றும் சேர்ந்து ஓடிய நாட்களில்தான் பெரும்பாலும் விளக்கு வந்திருந்தது. "சென்சார் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கரண்ட் போற வழியில எங்கேயோ தடை இருக்கு. நல்ல எலெக்ட்ரீஷியன்கிட்ட போகணும், நீயும் வா" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சேலையூர் பக்கம் ஒரு கார் எலெக்ட்ரீஷியன். நோட்டை முழுக்கப் படித்துவிட்டு, "எர்த்து பிராப்ளம்க்கா. கரண்டு திரும்பிப் போவ வழி இல்லாம எல்லாத்தையும் கொயப்பிக்கினு கீது" என்றார். மீட்டரை வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். டிரைவர் காலடியில் இருந்த தரைவிரிப்பைத் தூக்கி, உள்ளே ஒயர்களைப் பாடியோடு சேர்த்து முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினார். பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதன் அடியில் வழவழப்பான சாம்பல் நிற வண்டல்.

"இன்னாக்கா இது, வண்டி தண்ணில நின்னுக்கீதா?"

"இல்லையே. இவன் பாலத்து மேல..." என்று தொடங்கிய அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நிறுத்தலக்கா" என்றேன்.

எலெக்ட்ரீஷியன் எதையோ எடுக்கிறவர்போல உள்ளே போய்விட்டார். அக்கா குனிந்து அந்த வண்டலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எவ்ளோ தண்ணி?"

"சீட் வரைக்கும்."

"எத்தனை நாள்?"

"ரெண்டு."

பேனாவை எடுத்து இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் அப்போது என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கால் வராதவங்களை இதுல ஏத்திக்கிட்டு ஹைவேல போயிருக்கேன்டா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காலையில் நான் சேலையூரில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு போல்ட்டோடு அவள் விடவில்லை. உள்ளே இருந்த தரைவிரிப்பு முழுவதையும் பிரித்து, ஒவ்வொரு எர்த் முனையையும் ஒவ்வொரு ஒயர் இணைப்பையும் கழற்றிச் சுத்தம் செய்ய வைத்தாள். எலெக்ட்ரீஷியன் காட்ட, நானும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். அக்கா டார்ச் பிடித்தாள். வேலையைப் பற்றித் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. தீபாவளிக்கும் என் வீட்டுக்கு வரவில்லை. பொங்கலன்றுதான் போன் செய்து, "நாலு மாசமா லைட் வரல" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சரி, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றினாள்.

அதற்குப் பிறகும் பல வருடம் அந்தக் காரை ஓட்டினாள். போன மாதம்தான் விற்க முடிவுசெய்தாள். வாங்குபவர்கள் பார்க்க வரும்போது நானும் இருக்க வேண்டும் என்றாள். முதலில் பம்மலிலிருந்து ஒருவர் வந்தார். ஓட்டிப் பார்த்தார், பிடித்திருந்தது. அக்கா என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றாள். வெள்ளத்தில் நின்ற வண்டி, சீட் வரைக்கும், இரண்டு நாள் என்று சொன்னேன். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது ஆள் வந்தபோதும் அக்கா என்னைப் பார்த்தாள், நான் சொன்னேன், அவரும் போனார்.

மூன்றாவதாகக் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர்கள்தான் கடைசியில் வாங்கினார்கள். அன்று அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்புவதற்குள் நான் பேச ஆரம்பித்திருந்தேன்.