புட்டிப்பாலும் நாலு முழம் மல்லிகையும்

மகள் பிறந்த நாலரை மாதத்தில் என் பிரசவ விடுப்பு முடிந்தது. தொண்ணூறுகளின் கடைசி. டெல்லி லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. பக்கத்திலேயே இரண்டாவது மாடியில் அரசாங்கக் குடியிருப்பு. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அதற்குள் குழந்தை புட்டிப்பாலுக்கு மாறிவிட வேண்டும் என்று நானும் என் கணவரும் முடிவெடுத்திருந்தோம். அந்த முடிவை அவளிடம்தான் யாரும் சொல்லவில்லை.

பத்து நாள் முன்பே ஆரம்பித்தோம். ரப்பர் நிப்பிளை வாயில் வைத்ததும், லஞ்சக் கவரைப் பார்த்த நேர்மையான அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். நாக்கால் வெளியே தள்ளினாள். பாலாடையில் புகட்டினால் என் மேலேயே துப்பினாள். வேறு நிப்பிள் வாங்கினோம், வேறு கம்பெனி பவுடர் வாங்கினோம்.

"டேஸ்ட் எப்படியிருக்குன்னு பாக்கணும்ல" என்று என் கணவர் ஒரு ஸ்பூன் பவுடரை வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தானே இருக்கு. பால்கோவா மாதிரி."

அதற்கப்புறம் அவர் டின் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு ஸ்பூன் குறைந்தது. எங்கள் வீட்டில் பவுடர் பாலுக்கு ஒழுங்காக மாறியவர் அவர் ஒருவர்தான்.

கீழ்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி, "பூக் லக்னே தோ, பேட்டி" என்றார். பசிக்க விடு, தானாகக் குடிப்பாள் என்று அர்த்தம். பசிக்க விட்டோம். அவள் போட்ட கூச்சலில் அதே ஆன்ட்டி மாடியேறி ஓடி வந்து, நீயெல்லாம் ஒரு தாயா என்று ஹிந்தியில் என்னைக் கிழித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாங்கள் ஏற்பாடு செய்திருந்த பெண் முதல் நாளாக வந்தாள். தமிழர்கள் குடிசை போட்டிருக்கும் மதராசி கேம்பில் இருப்பவள், விழுப்புரம் பக்கத்துக்காரி, மூன்று பிள்ளை பெற்றவள். எங்கள் கூத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"யக்கா, உன் மூஞ்சியப் பாத்தா அதுக்கு அந்தப் பாலு ஞாபகந்தான் வரும். நீ அந்தாண்ட போ."

சமையலறைக்குப் போய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். அவள் பால்கனியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையின் முதுகைத் தன் வயிற்றில் சாய்த்து, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.

"தோ பாரு பஸ்ஸு. தோ பாரு கொரங்கு." புட்டியை வாயில் வைத்தாள். எதிர்ச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்துக்கொண்டே என் மகள் பாதிப் புட்டியைக் காலி செய்தாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் இடுப்பொடியக் கொடுத்தவளை ஒரு குரங்குக்காகக் கைவிட்டுவிட்டாளே!

"குடிக்கலைன்னாலும் அழற, குடிச்சாலும் அழற" என்றார் கணவர்.

"நீங்க முதல்ல அந்தப் பவுடரத் திங்காம இருங்க" என்றேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனேன். மகள் மாறிவிட்டாள், என் உடம்பு மாறவில்லை. பதினொரு மணிக்கு டைரக்டர் அறையில் மீட்டிங். ஜன்னலுக்கு வெளியே ஒரு பூனை கத்தியது. வெறும் பூனை. ஆனால் குழந்தை என்று நினைத்து இரண்டு பக்கமும் பால் இறங்கிவிட்டது. கையிலிருந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து டைரக்டர் அதைக் கேட்டுக் கை நீட்டினார். இன்னும் ஒரு குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது என்று உளறிவிட்டு, அணைத்த கையை எடுக்காமல் வெளியேறினேன். ஒரு அரசாங்கக் கோப்பை அவ்வளவு பாசமாக யாரும் பிடித்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, காய்ச்சலும் வந்தது.

"மார்ல மல்லிப்பூவ வச்சிக் கட்டுக்கா, பாலு வத்திப்பூடும்" என்றாள் அந்தப் பெண்.

கணவர் என்னை ஸ்கூட்டரில் ஒரு தென்னிந்தியக் கோயில் வாசலுக்கு அழைத்துப் போனார். அங்கே பூக்கட்டும் அம்மாவிடம் நாலு முழம் மல்லிகை கேட்டேன்.

"எந்தச் சந்நிதிக்கும்மா? அம்பாளுக்குன்னா நெருக்கமாக் கட்டினது தரேன்."

என் கணவர் அவசரமாகக் கோபுரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ரெண்டு சந்நிதிம்மா. சமமா வெட்டிக் குடுங்க" என்றேன்.

வாங்கிய பூவோடு கோயிலுக்குள் போகாமல் ஸ்கூட்டரில் ஏறியதை அந்த அம்மா என்னவென்று நினைத்தாரோ.

மறுநாள் சந்நிதிக்கு இரண்டு முழம் வீதம் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். மே மாத வெயிலில் செக்‌ஷன் முழுக்கக் கல்யாண மண்டபம் போல மணந்தது. என் தலையில் ஒரு பூ கிடையாது. உ.பி.க்காரரான எங்கள் செக்‌ஷன் ஆபீசர் மூக்கை உறிஞ்சி, "மேடம், ஆஜ் கோயி பூஜா ஹை க்யா?" என்றார். வீட்டில் ஒரு சின்ன பூஜை என்றேன். அப்படியானால் பிரசாதம் எங்கே என்று கேட்டார். பிரசாதத்தை நிறுத்தத்தான் இந்தப் பூஜையே என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பூ வேலை செய்ததோ, நாள்தான் வேலை செய்ததோ, கட்டு மெல்ல இளகி, பால் குறைந்துகொண்டே வந்தது. சாயங்காலம் ஒரு வேளை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை மடியில் போட்டதும், தெரியாதவர் வீட்டில் மரியாதைக்குக் காபி குடிப்பது போல இரண்டு வாய் இழுத்தாள். பிறகு விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. விடுதலை கிடைத்த மாதிரியும் வேலையிலிருந்து தூக்கிவிட்ட மாதிரியும் இருந்தது. ஜாக்கெட் கொக்கியை மாட்டிக்கொண்டே கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் ஞாயிறு. மதியம் சாப்பிட்டுவிட்டு, ஒரு வருஷத்துக்கும் மேலாகச் செய்ய முடியாததைச் செய்தேன்: கட்டிலில் குப்புற விழுந்தேன். எதுவும் வலிக்கவில்லை, எதுவும் கசியவில்லை. கணவர் காபியோடு வந்து எழுப்பும்வரை தூங்கினேன்.