இடது காதில்தான் கேட்கிறது

நான் எட்டாம் வகுப்பில் பெயிலானவன். லாரி கிளீனர், கல்யாணச் சமையலில் எடுபிடி, போளூரில் ஓட்டல் சப்ளையர் என்று எந்த வேலையிலும் ஆறு மாதம் தாங்கியதில்லை. எழுபதுகளின் கடைசியில், புளி ஏற்றப் போன லாரியில் தொற்றிக்கொண்டு மலைமேலிருந்த ஜமுனாமரத்தூரில் இறங்கினேன். அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஆள் தேவைப்பட்டது. முதல் நாளே டாக்டர் ஒரு மெல்லிய கம்பியையும் பஞ்சையும் கொடுத்தார். "கை நடுங்காதில்ல? இன்னைலேர்ந்து நீ காது துடைக்கிற."

கம்பி நுனியில் பஞ்சைச் சுற்றிச் சீழை ஒற்றி எடுக்க வேண்டும். பஞ்சு ஈரமில்லாமல் வரும்வரை மாற்றி மாற்றி ஒற்ற வேண்டும். வந்தவர்களில் பாதிப்பேர் பெரியவர்கள். சின்ன வயதில் சளி பிடித்து ஒழுக ஆரம்பித்த காது. காய்ச்சிய எண்ணெய் விட்டிருப்பார்கள். நிற்கும், அடுத்த மழைக்கு மறுபடி ஒழுகும். அதற்குள் செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கும். எண்ணெய் விடாதீங்க, தலைக்கு ஊத்தும்போது வாஸ்லின் தடவின பஞ்சைக் காதுல அடைங்க என்று நாள் முழுக்கச் சொல்வேன். மேகம் ஜன்னல் வழியாக வந்து பெஞ்சில் நோயாளிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். பாதித் தூக்கத்தில் வேலை செய்வதுபோல் இருக்கும்.

அப்படி ஒழுகும் காதோடு வந்த குப்பம்மா அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆடு மேய்ப்பவர். இடது காது கேட்காது. மேகம் இறங்கிவிட்டால் கழுத்து மணியை வைத்துத்தான் ஆட்டைத் தேட வேண்டும். ஒரு காது மட்டும் கேட்பவருக்குச் சத்தம் எந்தப் பக்கம் என்று பிடிபடாது. இரண்டு ஆடுகள் பள்ளத்தில் விழுந்து செத்திருந்தன.

"இன்னொன்னு போச்சின்னா எல்லாத்தியும் வித்துடுன்றாரு எங்க வூட்டுக்காரரு. வித்துட்டு நான் இன்னா பண்றது? அவரு மூஞ்சியவா மேய்க்கிறது?"

மூன்று மாதம் சொன்னபடி கேட்டார். காது காய்ந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்து ஓட்டையை மூடலாம் என்றார் டாக்டர். அதற்குமுன் நரம்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்று கூட்டம் அதிகம். தட்டினால் ரீங்கரிக்கும் இரும்புக் கவையான டியூனிங் ஃபோர்க்கை என்னிடம் கொடுத்து, எந்தக் காதில் அதிகம் கேட்கிறது என்று கேட்டுச் சீட்டில் எழுதச் சொன்னார்.

ஃபோர்க்கை என் முழங்காலில் தட்டி அக்காவின் நெற்றி நடுவில் வைத்தேன்.

"எந்தக் காதுல அதிகமா கேக்குது?"

"இந்தச் செவுட்டுக் காதுலதான்."

"அக்கா, நல்லா கேட்டுச் சொல்லுங்க."

மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் இடதுதான்.

"எனக்குக் கேக்குறது எனக்குத் தெரியாதா? உன் நெத்தியில வச்சி நீயே சொல்லிக்கோ தம்பி."

கேட்காத காதில் எப்படி அதிகம் கேட்கும்? ஆசையில் சொல்கிறார் என்று நினைத்தேன். 'வலது' என்று எழுதினேன்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "நரம்பு போயிருக்கும்மா. ஆப்பரேஷன் பண்ணாலும் காது கேக்காது."

அக்கா அழவில்லை. "சரிங்க. ஆட்டை வித்துடறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

"சார், அவங்க இடதுன்னுதான் சொன்னாங்க. நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. என் இடது காதை என் விரலாலேயே அடைக்கச் சொல்லி, ஃபோர்க்கைத் தட்டி நெற்றியில் வைத்தார். ஒலி மெல்ல நகர்ந்து அடைத்த காதுக்குள் போய் நின்றது. தண்ணீருக்கு அடியில் யாரோ முணுமுணுப்பதுபோல் இருந்தது.

"வழி அடைச்சிருந்தா எலும்பு வழியா வர்ற சத்தம் அந்தப் பக்கம்தான் தங்கும். நரம்பு போயிருந்தாத்தான் நல்ல காதுல கேக்கும். அந்தம்மாவுக்கு நரம்பு உயிரோட இருக்குது. ஓடு."

வெளியே மேகத்தின் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. தூரத்தில் அவர் புடவை மட்டும் தெரிந்தது. இடப்பக்கத்திலிருந்து "அக்கா!" என்று கத்தினேன். அவர் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை என்று மேலே நடந்தார். கத்துவதை விட்டுவிட்டு ஓடினேன். முன்னால் போய் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

திரும்பி வந்ததும் டாக்டர் அவரே ஒருமுறை சோதித்தார். நான் புதுச் சீட்டு எழுதினேன்.

"இப்பயாவது நான் சொன்னத எழுதனியா?"

"எழுதிட்டேன்க்கா."

"எங்க, படி."

படித்தேன். "இன்னொரு வாட்டி" என்றார். மறுபடி படித்தேன்.

மழைக்காலம் முடிந்து ஆப்பரேஷன் நடந்தது. காது முழுசாகக் கேட்கவில்லை, ஆட்டைத் தேடும் அளவுக்குக் கேட்டது. நான் அந்த மலையில் ஏழு வருஷம் இருந்தேன். அதற்குப் பிறகு எழுதிய எந்தச் சீட்டையும், நோயாளிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டாமல் டாக்டர் மேஜையில் வைத்ததில்லை.