இருசம்மாளின் மூன்றாம் அத்தியாயம்

சிதம்பரத்தில் நஸீமா அக்கா அடித்துக் கொடுத்து முனைவர் ஆனவர்களை எண்ணி முடியாது. பத்தொன்பது வருடமாக டி.டி.பி. கடையில் ஆய்வேடு அடிக்கிறார். சந்திப்பிழை திருத்துவது இவர், பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொள்வது வேறு யாரோ. நான் பாலகுமார், அதே கடையில் பைண்டிங் போடுகிறேன்.

அடித்த எதையும் அக்கா மனசில் வைத்துக்கொள்வதில்லை. கம்மாபுரத்து இருசம்மாள் எழுதியது மட்டும் விதிவிலக்கு. தத்துவத்தில் ஆய்வு, அறக்கடமை பற்றி. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு உதாரணம் வரும். சாகப்போகிற ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம், ‘என் மாட்டை விற்காதே’ என்று வாக்கு வாங்குகிறார். அது வேறு யார் காதிலும் விழவில்லை. அவர் செத்த பிறகு மாட்டுக்கு நல்ல விலை வருகிறது. விற்காமல் இருக்க என்ன காரணம்?

“விக்கிறதுதானம்மா புத்திசாலித்தனம்? யாருக்குத் தெரியப்போவுது?” என்று அக்கா கேட்டார்.

“லாபம் ஒரு காரணந்தான்க்கா. சொன்ன சொல்லும் ஒரு காரணம். யாருக்கும் தெரியலன்னா அது இல்லாமப் பூடுமா?”

அக்கா அன்று முழுக்க அந்த மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இருசம்மாள் பிரசவத்துக்குப் போகும்போது, “ஃபைலு உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா, யாருக்கும் குடுத்துடாதீங்க” என்றாள். அக்கா சரி என்றார்.

ஒரு வருடம் கழித்துச் செந்தமிழ்செல்வன் வந்தார். கடலூரில் ஏதோ தனியார் கல்லூரியில் ஆசிரியர். பட்டம் வாங்காவிட்டால் வேலை போய்விடும் என்ற அவசரம். எங்கள் முதலாளி தில்லைநாதன் அக்காவிடம் வந்து, “அந்தக் கம்மாபுரத்துப் பொண்ணு இனிமே எங்க வரப்போவுது? அதோட மூணாவது அத்தியாயத்த சாரோடதுல சேத்துடு. மாட்ட ஆடுன்னு மாத்திடு” என்றார். மாடு ஆடாகிவிட்டால் திருட்டு ஆராய்ச்சியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார், மகா புத்திசாலி!

“அது அந்தப் பொண்ணு எழுதுனதுங்க.”

“அப்ப வேற ஆளு பாத்துக்கட்டுமா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அக்காவின் மகள் மெஹ்ரீனுக்கு நர்சிங் படிப்பு இரண்டு வருடம் பாக்கி இருந்தது. அக்கா மாட்டை ஆடாக்கினார், பக்க எண்களைச் சரிசெய்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. ஐந்து பிரதிக்கும் நான்தான் அட்டை போட்டேன்.

இந்த ஆனியில் இருசம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பல்கலைக்கழகத்தில் அவள் கொடுத்த ஆய்வேட்டைச் சோதித்த சாஃப்ட்வேர், மூன்றாம் அத்தியாயம் முழுக்கத் திருட்டு என்று சொல்லிவிட்டதாம். செந்தமிழ்செல்வனின் ஆய்வேடு முந்திக்கொண்டு இணையத்தில் ஏறியிருந்தது. அதைப் போனில் திறந்து நீட்டினாள். ஆய்வேடு அடித்துக் கொடுத்தவருக்கு நன்றியுரையின் கடைசியில் ஒரு வரி எழுதுவது வழக்கம்.

“அக்கா, இதுல உங்க பேரு போட்டிருக்குது.”

“ஆமாம்மா. நான்தான் அடிச்சேன்.”

இரண்டு பேரும் அழவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை கீபோர்டை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

“என்னுதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கக்கா. இல்லன்னா அஞ்சு வருஷம் எழுதுனது நான் திருடுனதா ஆயிடும்.”

அக்கா தில்லைநாதனின் நாற்காலியைப் பார்த்தார். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். “மெஹ்ரீனுக்குக் கடைசி பரீட்ச இருக்குதும்மா” என்று சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருசம்மாள் என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, நீங்களும் இங்கதான இருந்தீங்க?”

“நான் அட்டை போடுறவன்மா” என்றேன். “உள்ள என்ன இருக்குதுன்னு படிக்கிறதில்ல.”