அத்தான் செய்த முன்பல்

என் அத்தானுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் பல்லழகன். அவருக்கு இருப்பதோ கோணல் பல். பல் லேப்பில் செராமிக் கேப் செய்வது அவர் வேலை. உடைந்த பல்லின்மேல் தொப்பி மாதிரி மாட்டுவார்களே, அதுதான். விருந்துக்குப் போனால் சாப்பாட்டைப் பார்க்க மாட்டார், எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயைத்தான் பார்ப்பார். "இது நம்ம சரக்கு" என்று என் காதில் கிசுகிசுப்பார். எனக்கு மானம் போகும்.

அக்கா சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். அந்தச் சிரிப்பில் மயங்கித்தான் அத்தான் அவளைக் கட்டிக்கொண்டார். குளியலறையில் வழுக்கி விழுந்து முன்பல் பாதி உடைந்ததும் அவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள். அத்தானே கேப் செய்து கொடுத்தார். சில மாதங்களில் அதன் ஓரம் பெயர்ந்தது. லேப்பில் எல்லாரும் கேலி செய்ய, மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"டாக்டர், பல்லை இன்னும் கொஞ்சம் தேய்ச்சுக் குடுங்க. கேப்பைக் கனமா செஞ்சிடறேன்."

"மேல ஓடு மட்டும் கெட்டியா இருந்து என்னங்க பண்றது? அடியில பல்லு தாங்கணும், நடுவுல பசை பிடிக்கணும். இருக்கறதே பாதிப் பல்லு," என்றார் டாக்டர் அம்மா.

அத்தான் ஒற்றைக் காலில் நின்றார். இருப்பதிலேயே உறுதியான பசையையும் அவரே வாங்கிவந்தார். டாக்டர் அம்மா அரைமனதாகத் தேய்த்தார்.

கேப் அருமையாக உட்கார்ந்தது. அக்கா மறுபடி சிரித்தாள், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தும் அளவுக்கு. அத்தான் வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கே பொறாமையாக இருக்கும்.

போன வாரம் ஆப்பிளைக் கடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கேப் அவள் உள்ளங்கையில் விழுந்தது. உள்ளே அடிப்பல்லும் ஒட்டிக்கொண்டே முறிந்து வந்திருந்தது. பசை விட்டிருந்தாலாவது திரும்ப ஒட்டியிருக்கலாம். பாழாய்ப்போன பசை விடவே இல்லை. வேரும் பிளந்துவிட்டது, பிடுங்கத்தான் வேண்டும் என்று டாக்டர் அம்மா கையை விரித்துவிட்டார்.

அத்தான் கேப்பைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க செஞ்சதுக்கு ஒண்ணும் ஆகலைங்க. என் பல்லுதான் தாங்கல."