ஃபோர்த்வித் என்றால் எப்போது?

என் வீட்டுக்காரர் தென்காசி கோர்ட்டில் வக்கீல். வாதத்தில் சூரர், வீட்டுக் காரியத்தில் ஆமை. ஆனி பிறந்து சாரல் விழுந்ததும், "குற்றாலத்துக்கு எப்பப் போவோம்?" என்று கேட்பேன். "ஃபோர்த்வித்" என்பார். அதாவது உடனே. சீசனே முடிந்துவிடும். சண்டைக்குப் போனால் சட்டம் பேசுவார்.

"ஃபோர்த்வித்னா கண்ண மூடித் தெறக்கதுக்குள்ளன்னு அர்த்தம் இல்லட்டி. சந்தர்ப்பத்தப் பாத்து, வீணாக் காலங்கடத்தாமச் செய்யணும். கோர்ட்டே அப்படித்தான் சொல்லுது."

நல்ல கோர்ட்டு, நல்ல வக்கீல் என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சாரல் காலம். மேலகரத்தில் ஒரு வீட்டுச் சொந்தக்காரருக்காக வாதாடி, குடியிருந்தவர்கள் வீட்டை ஃபோர்த்வித் ஒழித்துக்கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வாங்கிவிட்டார். அந்த வார்த்தையை எனக்கு அழுத்தி வாசித்தும் காட்டினார். மறுநாள், குடியிருந்த அம்மாள் புழக்கடை வழியாக என்னிடம் வந்தாள்.

"மக தலைப்பிரசவத்துக்கு வந்திருக்காம்மா. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. விடிஞ்சா வீட்டக் காலி பண்ண கோர்ட்டு அமீனா வந்திருவாராம். நெறமாசக்காரிய மழையில எங்கன கூட்டிட்டுப் போவேன்?"

எதிர்க்கட்சி என்றால் பிள்ளை பெறக்கூடாதா?

அவர் சாப்பிட உட்கார்ந்ததும், "ஃபோர்த்வித்னா என்ன?" என்றேன். சந்தோஷமாக ஒப்பித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அந்தப் பிள்ள பெத்து எந்திரிக்கிற வரைக்கும் சந்தர்ப்பம் இருக்குல்லா? பொண்டாட்டிக்கு ஒரு சட்டம், ஊராருக்கு ஒரு சட்டமா?"

"நான் எதிர் வக்கீல்ட்டி. ரசத்த ஊத்து."

"போய்ச் சொல்லிட்டு வாங்க, ஊத்துதேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். கையைக் கழுவிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு மேலகரத்துக்கு நடந்தார். சாயங்காலம் தொப்பலாக நனைந்து திரும்பினார். கட்சிக்காரரான வீட்டுச் சொந்தக்காரர் பாவத்துக்குப் பயந்து, பேறுகாலம் முடியும்வரை பொறுக்க ஒப்புக்கொண்டாராம். ஆனால் இனி வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாராம். எனக்கு இவர்மேல் வந்த பிரியத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரசத்தைச் சூடு பண்ணி ஊற்றினேன்.

பிள்ளை அந்த வீட்டிலேயே பிறந்தது. தீட்டுக் கழிந்ததும் அவர்களாகவே வீட்டை ஒழித்துக்கொடுத்துவிட்டு, மாட்டுவண்டியில் போகிற வழியில் எங்கள் வாசலில் நிறுத்தினார்கள். கோர்ட்டுக்குக் கிளம்பி நின்றவர் கையில் அந்த அம்மாள் பேரனைக் கிடத்தினாள். பயல் கறுப்புக் கோட்டை நனைத்துவிட்டான். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவர் அந்த ஈரத்தோடு நின்றார்.

"கோட்ட வெளுக்கப் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"போடலாம். ஃபோர்த்வித்" என்றார்.

எங்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அவர் கழற்றிய கோட்டைக் கொடியில் போட்டு, அப்படியே விட்டுவைத்தேன்.