ஒரு கிலோ எண்ணூறு கிராம்

பார்சல் அலுவலகத்தின் மூன்றாவது கவுண்ட்டரில் இருபத்தாறு வருடங்களாக உட்கார்ந்திருந்த மனிதரை எல்லோரும் எடைக்காரர் என்றே அழைத்தார்கள். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

இந்த உலகத்தில் அவருக்கு ஒரே ஒரு விரோதிதான் உண்டு. தேவையில்லாத கனம். ஒரு பார்சல் அரைக் கிலோவைத் தாண்டி நாலு கிராம் நின்றால் கட்டணம் அடுத்த படிக்குத் தாவிவிடும். மற்ற கவுண்ட்டர்களில் வாயைத் திறக்காமல் பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். எடைக்காரருக்கு மனசு கேட்காது. கத்தரிக்கோலை நீட்டி, "பிரிங்க, எதை எடுக்கலாம்னு பாப்போம்" என்பார்.

ஒருமுறை ஒரு பெரியவரின் பார்சலுக்குள் மடித்து வைத்த காகிதம் இருந்தது.

"இது என்ன சார், நாலு பக்கத்துக்கு?"

"மகளுக்கு ஒரு லெட்டர்ங்க."

"போன்ல சொல்லிக்கோங்க. இது மட்டும் ஏழு கிராம்."

பெரியவர் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மிச்சமான பணத்தோடு படியிறங்கிப் போனார். அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வரும் டாக்டரின் களைப்பும் கருணையும் கலந்த முகத்தோடு எடைக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்படிப்பட்டவர் கார் பந்தய வீடியோ கேமுக்குள் எப்படி வந்தார் என்றால், அதற்கும் தராசுதான் காரணம். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன மகன் விளையாட்டுப் பெட்டியை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான். அனுப்பி வைக்கலாம் என்று எடை போட்டுப் பார்த்தால், அனுப்பும் செலவு பெட்டியின் விலையில் பாதி வந்தது. அனுப்பவில்லை. சும்மா கிடக்கும் பொருளை ஓட்டிப் பார்ப்பதில் செலவு ஒன்றுமில்லையே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தவர்தான்.

கேமில் அவருக்கு வாய்த்தது ஒரு பழைய நீலக் கார். நாலு கதவு, கடன் வாங்கியவன் போலத் தயங்கித் தயங்கிக் கிளம்பும். பந்தயத்தில் கிடைக்கும் பரிசுக் காசைக் கொண்டு அதற்கு உதிரிபாகம் வாங்கி வேகத்தைக் கூட்டலாம். பக்கத்துக் கவுண்ட்டரில் பெட்டி ஒட்டும் டேப் என்கிற சகாவும் இதே கேமை ஆடுபவர். கிடைத்த காசையெல்லாம் எஞ்சினில் கொட்டி, முதல் வளைவிலேயே சுவரில் போய் முட்டுகிற கட்சி.

"எஞ்சின் தான்யா எல்லாம். டர்போ போட்டேன் பாரு, பறக்குது."

"பறந்து எங்க போய் நிக்குது?"

"சுவத்துல தான். ஆனா எவ்வளவு சீக்கிரமா போய் நிக்குது!"

எடைக்காரர் ஆராய்ச்சியில் இறங்கினார். ஒவ்வொரு பாகத்தையும் போட்டு ஒரு சுற்று ஓட்டி, எத்தனை வினாடி மிச்சமானது என்று பார்த்து, அதை விலையோடு வைத்து வகுத்தார். டயர் முதலிடம். பிரேக் பரவாயில்லை. டர்போ ஊதாரித்தனம். எல்லாவற்றையும் அடித்துப்போட்ட ஒன்று பட்டியலின் கடைசியில் ஒளிந்துகொண்டிருந்தது. எடைக் குறைப்பு! கொடுக்கிற காசுக்கு அத்தனை வினாடியை வேறெதுவும் தராது. வாழ்நாள் முழுக்கத் தான் சொல்லிவந்ததை ஒரு கார் கம்பெனியே ஒத்துக்கொண்டதைப் போல அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் ஆடும்போது மனைவி பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் இருந்தபடி துணி ஆல்டர் பண்ணிக் கொடுப்பவள். கையில் யாருடைய கால்சட்டையாவது பிரிந்துகொண்டிருக்கும். காருக்குள்ளிருந்து பார்க்கிற காட்சியைத்தான் அவர் வைப்பார். திரையின் ஓரத்தில் பக்கத்து சீட்டின் தோள் தெரியும். அதைத் தன்னுடைய சீட்டு என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

"ஏங்க, கொஞ்சம் மெதுவா போங்க. அந்த வீட்டுக்காரங்க துணி காயப்போட்டிருக்காங்க, புழுதி படியப் போவுது."

"பந்தயம்மா இது."

"மூணாவது வளைவுல ஒரு குடைக்காரி நிக்குறா பாருங்க. பாவம், மழையிலயும் வந்து நிக்குறா. யாரைப் பாக்க வந்தாளோ."

"என்னைப் பாக்கத்தான்."

"ஆமா, நீங்க போற வேகத்துல அவ உங்க மூஞ்சியைப் பாத்துட்டாலும்!"

எடைக் குறைப்பில் மூன்று படி. முதல் படியில் தரைவிரிப்பும் பின் சீட்டும் போயின. இரண்டாம் படியை அழுத்தப் போனபோது, இந்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது என்று ஓர் அறிவிப்பு வந்தது. அதனால்தான் இவ்வளவு மலிவு என்று சந்தோஷமாக ஆமாம் போட்டார். கார் வெளியே வந்தது. திரையோரம் வெறும் இரும்புத் தகடு தெரிந்தது.

"என் சீட்டு எங்கங்க?"

"எடுத்தாச்சு. முப்பது கிலோ! சுத்துக்கு ஒண்ணே கால் வினாடி."

"ஓகோ" என்றாள். பிறகு துணியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். அதன்பின் அவள் சோபாவுக்கு வந்து உட்காரவில்லை. பந்தயங்களில் முதலிடம் வரிசையாக வந்துகொண்டிருந்ததால் எடைக்காரர் அதைக் கவனிக்கச் சில வாரங்கள் ஆயின.

அடுத்து, கடல் தாண்டி இருக்கும் தங்கைக்கு ஆபரேஷன் என்று மனைவி கிளம்பினாள். விமானத்தில் இருபத்துமூன்று கிலோதான் அனுமதி. எடைக்காரர் அலுவலகத்திலிருந்து கொக்கித் தராசை வாங்கி வந்து, வாசலில் டாக்ஸி நிற்கும்போதே பெட்டியை மாட்டித் தூக்கினார். கை நரம்பு புடைத்தது.

"இருபத்துநாலு எண்ணூறு. ஒண்ணு எண்ணூறு ஜாஸ்தி."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன, எதையாவது எடு."

அவள் பெட்டியைத் திறந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மறுபடி மாட்டினார். மிகச் சரியாக இருபத்துமூன்று! இருபத்தாறு வருட சர்வீஸில் இப்படி ஒரு குறி அவருக்கு விழுந்ததில்லை. டாக்ஸி தெருமுனை திரும்பும்வரை தராசை உயர்த்திக் காட்டிக்கொண்டே நின்றார்.

இரண்டு வாரம் என்று போனவள் நாலு மாதமாகியும் வரவில்லை. தங்கை எழுந்து நடமாடிவிட்டாள். போனில் பேசும்போது, சாப்பிட்டீங்களா, தண்ணி மோட்டார் ரிப்பேர் பாத்தீங்களா என்பதோடு சரி. எப்போ வர்ற என்று கேட்டால், பாக்கலாம் என்பாள். ஆனாலும் எடைக்காரர் தளரவில்லை. இஸ்திரிப் பெட்டி இங்கே இருக்கிறதல்லவா? அது இல்லாமல் அவளுக்குத் தொழில் ஏது? தினமும் அதைத் துடைத்து, வயரைச் சுற்றி, மேசை மேல் நிமிர்த்தி வைத்தார். ஒரு கிலோ எண்ணூறு கிராம் நம்பிக்கை என்பது சாதாரண எடையல்ல.

அவள் போனதற்குக் காரணத்தை அவர் கண்டுபிடித்துவிட்டிருந்தார். சீட்டுதான். சீட்டு போன நாளோடு அவள் பக்கத்தில் உட்காருவதும் போயிற்று. கணக்கு எங்கும் இடிக்கவில்லை.

டேப்பிடம் யோசனை கேட்டார்.

"கழட்டுன சீட்டை மறுபடி மாட்ட வழி இருக்கா?"

"அது முடியாதுய்யா. அந்த வண்டி முடிஞ்சது. அதே மாடல் வேற வாங்கணும். கேம்ல புதுசா விக்குறதை நிறுத்திட்டாங்க, பழைய வண்டிச் சந்தையில எப்பவாவது வரும். யானை விலை சொல்லுவான்."

"எவ்வளவு ஆனாலும் சரி."

டேப் கையிலிருந்த ஒட்டுநாடாவைக் கீழே வைத்தார். "உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

நாற்பத்தொரு பந்தயம் ஓடிக் காசு சேர்த்தார். ஜெயித்துக் கொடுத்ததெல்லாம் அந்தச் சீட்டில்லாத கார்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சந்தைக்கு அதே நீலக் கார் வந்தது. தரைவிரிப்போடு, பின் சீட்டோடு, திரையோரம் அந்தத் தோளோடு. மெதுவான எஞ்சின், தேய்ந்த டயர், விலையோ டர்போவைப் போல நாலு மடங்கு. வினாடிக் கணக்கில் பார்த்தால் மனித வரலாற்றிலேயே மோசமான கொள்முதல். விலையை வகுத்துப் பார்க்காமல் எடைக்காரர் வாங்கிய முதல் பொருளும் அதுதான்.

வாங்கின கையோடு போன் போட்டார்.

"சீட்டு திரும்ப வந்துடுச்சும்மா."

"எந்த சீட்டுங்க?"

"உன் சீட்டு. நீலக் கார்ல."

"அட, அந்த கேம்லயா?" அவள் சிரித்தாள். "அதை இன்னுமா ஆடுறீங்க?"

"நீ கோவிச்சுக்கிட்டுத்தானே அன்னிக்கு உள்ள போன?"

"அய்யோ, அன்னிக்கு ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டர் வந்துச்சுங்க. அறுபது உருப்படி. அதான் மெஷின்கிட்ட போனேன். சீட்டுக்குப் போய் யாராவது கோவிச்சுக்குவாங்களா?"

எடைக்காரருக்கு நாற்பத்தொரு பந்தயமும் ஒரே சுவரில் முட்டியதைப் போலிருந்தது.

"அப்போ எதுக்கும்மா வராம இருக்க?"

 

"கிளம்புற அன்னிக்கு வாசல்ல நின்னேன்ல" என்றாள். "தங்கச்சிக்குப் பாத்துக்க ஆள் இருந்துச்சு. உங்களுக்கும் தெரியும். நீங்க போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நின்னேன். நீங்க ஒண்ணு எண்ணூறு ஜாஸ்தின்னு சொன்னீங்க. அப்புறம்னு கூட கேட்டேன்."

"கேட்ட."

"எதையாவது எடுன்னீங்க."

அவர் வாயைத் திறந்தார்.  வாசலில் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரே வார்த்தைக்கு கிராம் கணக்கில் எடையே கிடையாது.

"இஸ்திரிப் பெட்டி இங்கதான் இருக்கு" என்றார்.

"இங்க ஒண்ணு வாங்கிட்டேங்க. ஒரு தையல் கடையில சேர்ந்திருக்கேன். அதை நீங்களே வெச்சுக்கோங்க, சட்டையைக் கசங்கலாப் போட்டுக்கிட்டுப் போகாதீங்க."

"சரிம்மா."

"அந்தக் குடைக்காரி இன்னும் நிக்குறாளா?"

"பாத்துட்டு சொல்றேன்."

போனை வைத்துவிட்டுப் புதிய காரை ஓட்டிப் போனார். எப்போதும் போல சோபாவின் இடது ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். துணி காயும் வீட்டருகே வேகத்தைக் குறைத்தார். முதல் வளைவுக்குள் எல்லாக் கார்களும் முந்திப் போயின. திரையோரம் காலி சீட்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தது. மூன்றாவது வளைவில், இத்தனை பந்தயத்தில் முதல்முறையாக, ஓரம் கட்டி நிறுத்தினார்.

நிறுத்திப் பார்த்தால் குடைக்காரி வெறும் அட்டை. வேகமாகப் போகும்போது ஆள் மாதிரி தெரிந்தவள் கிட்டத்தில் ஒரு காகிதத்தின் கனம்தான் இருந்தாள். முகமென்று இரண்டு புள்ளி. காரைக் கொஞ்சம் முன்னே நகர்த்திப் பார்த்தார். பின்பக்கமே இல்லை. பந்தயத்தில் முதலாவதாக ஓடியவன் ஒரு சுற்றை முடித்துவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போனான்.

எடைக்காரர் போனை எடுத்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினார்.

"நிக்குறா. நல்லா இருக்கா. உன்னைக் கேட்டா."

அனுப்பிவிட்டுக் காரை அங்கேயே நிறுத்திவைத்தார். போட்டியிலிருந்து நீக்கப்படுவீர்கள் என்று திரையில் எழுத்து மினுங்கியது. மேசை மேல் இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நின்றது. காலையில் போட வேண்டிய சட்டை நாற்காலியில் கசங்கிக் கிடந்தது.