மாடிப்படிக்கு ரெண்டு ஸ்விட்ச்

பட்டனக்கா அழவில்லை. அதுதான் அந்தத் தெருவுக்கே பெரிய குறை. பஸ் டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அவளுடைய டிரைவர் புருஷன், டம்ளரைக் கீழே வைத்தவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அவரை வீட்டுக்குத் தூக்கி வந்தபோதும் இவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று விசாரித்தாளாம். "கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா பாரு" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அழுகை என்ன, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வருகிற சர்க்கரையா? வரவில்லை, அவ்வளவுதான். அவளும் தேடித்தான் பார்த்தாள். உட்கார்ந்தே மரத்துப்போன கால் மாதிரி உள்ளே எல்லாம் இருந்தது, கிள்ளினாலும் தெரியவில்லை.

சட்டை தைக்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. மெஷினிலிருந்து வரும் சட்டைகளில் ஒவ்வொரு பட்டனாக இழுத்துப் பார்த்து, ஆடுவதைக் கையால் இறுக்கித் தைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் போய் உட்கார்ந்தவள், சொந்தப் பெயரே மறந்துபோகிற அளவுக்குப் பட்டனக்கா ஆகிவிட்டாள். சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள். அதற்கும் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் கையிலிருந்து ஒரு பட்டன்கூடத் தளர்வாகப் போகவில்லை.

வில்லங்கம் மாடிப்படியில் ஆரம்பித்தது. வீடு மாடியில். கீழே எந்நேரமும் பூட்டிக் கிடக்கும் பெயின்ட் குடோன். இரும்புக் கேட்டைத் திறந்ததும் ஆள் தோள் இடிக்கிற அகலத்தில் படிக்கட்டு, பாதியில் ஒரு திருப்பம், பேருக்குக்கூட ஒரு ஜன்னல் கிடையாது. பகலிலேயே தடவித்தான் ஏற வேண்டும். திருப்பத்தில் ஒரு பல்பு. அதற்குக் கேட்டோரம் ஒரு ஸ்விட்ச், மேலே சமையலறை வாசலில் ஒரு ஸ்விட்ச். இந்த வயரிங்கைச் செய்த மகானுபாவர் வேறு யாருமில்லை, டிரைவரேதான். "பஸ் இன்ஜினையே பிரிச்சு மாட்டுறவன், ஒரு லைட்டுக்குப் போய் வயர்மேனைக் கூப்பிடுவேனா?" என்று வீம்பு. மாட்டி முடித்துப் பார்த்தால், ரெண்டு ஸ்விட்சையும் போட்டால்தான் பல்பு எரிகிறது. ஒன்று அணைந்திருந்தால் போச்சு, இன்னொன்றைத் தட்டித் தட்டி விரல்தான் தேயும்.

தப்பை ஒத்துக்கொள்கிற ஆளா அவர்? "இப்படித்தான் இருக்கணும். நான் கீழ போடுறேன், நீ மேல போடு" என்று அதையே சட்டமாக்கிவிட்டார். கேட் கிறீச்சென்றால் போதும், கையில் மாவோ சோப்போ, முழங்கையாலேயே ஸ்விட்சை அமுக்குவாள். அவர் ஏறி வந்ததும் அணைப்பாள். சண்டை போட்ட நாளில் மட்டும் கேட் சத்தம் அவள் காதில் விழாது. கீழே டக், டக்கென்று தட்டுவார். அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஏய், மேல போடு!"

"வர்றேன், கத்தாதீங்க!"

விளக்கு எரிந்துவிட்டால் சண்டை முடிந்தது. அப்புறம் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இருபத்தி சொச்சம் வருஷக் குடித்தனம் இப்படியேதான் ஓடியது.

வீட்டில் ஆள் இருக்காது என்று தெரிந்தால், காலையிலேயே மேல் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். இப்போது அது மறந்துபோனது. சாயங்காலம் வந்து கீழே தட்டுவாள், எரியாது. கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். ஒரு நாள் திருப்பத்தில் கால் இடறி விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போனது. வலி இருந்தது, அதையும் வேறு யாருக்கோ வந்ததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் வந்து ஆடித் தீர்த்துவிட்டாள். பஸ் கடைசியாக நிற்கிற இடத்தில் குடியிருப்பவள், அப்பனைப் போலவே மூக்கு மேல் கோபம். "இன்னொரு தடவை விழுந்தா எலும்பு மிஞ்சாது! லைட்டைச் சரி பண்ணு, இல்லைன்னா பெட்டியைக் கட்டிட்டு என் வீட்டுக்கு வந்துடு. ரெண்டுல ஒண்ணு!"

மகள் வீட்டில் ஒரு குறையும் இல்லை, மருமகன் தங்கமான மனுஷன். ஆனால் அங்கே ஹாலில் ஒரு கட்டில் போடுவார்கள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று நாள் முழுக்கக் கேட்பார்கள். எதுவுமே வேண்டுமென்று தோன்றாத அந்த நாட்களில் பட்டனக்காவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: தன் வீட்டில் தான் இருக்க வேண்டும். "சரி, வயர்மேனை வரச்சொல்லு" என்றாள்.

லீவு நாளில் வயர்மேன் வந்தார். மெயினை அணைத்துவிட்டு மேலும் கீழும் மூடியைக் கழற்றிப் பார்த்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யாருக்கா இந்த வேலையைப் பார்த்த புண்ணியவான்?"

மகள் கண்ணைக் காட்டினாள். மனுஷன் கவனித்தால்தானே!

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் பட்டனக்கா.

"ஓஹோ. ரெண்டு ஸ்விட்சையும் ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்து விட்டிருக்கார். ஒரே ரோட்டுல ரெண்டு கேட் வச்ச மாதிரி. ரெண்டையும் திறந்தாத்தானே கரண்ட் போகும்?" பேச்சோடு பேச்சாகக் கை வேலை செய்தது. "இன்னும் ஒரே ஒரு வயரை இழுத்து, டூ-வே ஸ்விட்சா மாத்திட்டா முடிஞ்சுது. மேல தட்டினாலும் மாறும், கீழ தட்டினாலும் மாறும். இன்னொரு ஆளே தேவையில்லக்கா."

"பண்ணுங்க தம்பி."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. வயர்மேன் பழைய வயரின் நுனியில் புது வயர்களைக் கட்டி, பைப் வழியாக இழுத்து, ஸ்விட்சுகளை மாற்றி மாட்டினார். கழற்றியதை நீட்டி, "தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டார். "போடுங்க" என்றாள்.

அதற்கப்புறம் விளக்கு சொன்னபடி கேட்டது. கீழே தட்டினாள், எரிந்தது. மேலே வந்து தட்டினாள், அணைந்தது. பட்டறைக்குப் போனாள், வந்தாள். மகளும் ஃபோனில் பெட்டியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம். பட்டனக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட் கிறீச்சென்றது. அவ்வளவுதான், யோசிக்கவே இல்லை. சோப்புக் கையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் முழங்கையால் ஸ்விட்சை அமுக்கிவிட்டாள். வந்தது மகள். அவள் அதற்குள் கீழே ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தாள். எரிந்துகொண்டிருந்த விளக்கு பட்டென்று அணைந்தது.

"ஐயோ, நீ ஏன் தொட்ட?" இருட்டுக்குள்ளிருந்து மகள் கத்தினாள். "ரெண்டு பேரும் போட்டா எரியாதும்மா இப்போ! ரெண்டு கையிலயும் பை இருக்கு, திருப்பத்துல நிக்கறேன். மேல போடு!"

அவள் தொண்டை அவள் அப்பனுடையது. தெருவுக்கே கேட்டது.

"வர்றேன், கத்தாதீங்க!"

சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று பட்டனக்காவுக்கு உறைத்தது. சுவரில் கை வைத்தாள். கை ஸ்விட்சுக்குப் போகவில்லை. மேல் படியில் அப்படியே உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துப் பார்த்தாள், அழுகை அடங்கவில்லை.

பைகள் படியில் விழுகிற சத்தம் கேட்டது. மகள் சுவரைத் தடவிக்கொண்டே ஏறி வந்து, இருட்டில் கையைத் துழாவி அம்மாவின் தோளைக் கண்டுபிடித்தாள். "அம்மா, அம்மா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். பட்டனக்கா வாய்விட்டு, வீடே அதிர அழுதாள். கேட் திறந்துதான் கிடந்தது, தெருவுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். கேட்கட்டுமே.